முகவரி திட்டத்தின் சொத்தன்று, துறையின் பொறுப்பு

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களைப் புரட்டுவோர் கண்ணில் ஓர் எண் அடிக்கடி படும்: 8080. ஷோத்கங்காவில் உள்ள ஆய்வேடு ஒன்றைச் சான்று காட்டியவர், உலாவியில் தோன்றிய முகவரியை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். அதில் ஷோத்கங்காவின் பெயர் வரும். பிறகு 8080 வரும். பிறகு ‘ஜேஎஸ்பியுஐ’ என்னும் சொல் வரும். அதன் பின்னரே ‘ஹேண்டில்’, 10603, ஆய்வேட்டின் தனி எண் ஆகியவை வரும்.

இந்த முகவரியைப் பகுத்துப் பார்ப்பது எவருக்கும் கடினமன்று. ஷோத்கங்கா என்பது காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடுவத்தின் சேமிப்பகப் பெயர். 8080 என்பது டாம்கேட் என்னும் மென்பொருள் வேறு கட்டளை இல்லாதபோது தானாக எடுத்துக்கொள்ளும் போர்ட் எண். ‘ஜேஎஸ்பியுஐ’ என்பது டிஸ்பேஸ் மென்பொருளின் பழைய இடைமுகத்தின் பெயர். 2021இல் வெளிவந்த டிஸ்பேஸின் ஏழாம் பதிப்பில் அந்த இடைமுகமே கைவிடப்பட்டது. எஞ்சியிருக்கும் 10603உம் தனி எண்ணும் மட்டுமே ஆய்வேட்டுக்கு உரியவை. நடுவில் நின்றவை இரண்டும் ஆய்வேட்டைப் பற்றி எதுவும் சொல்பவை அல்ல. அந்த ஆண்டில் ஒரு கணினிக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்பவை. ஆயினும் அவை ஆய்வேடுகளின் அச்சில் ஏறிவிட்டன. அச்சில் ஏறியதைத் திருத்த முடியாது.

ஷோத்கங்கா பின்னர் போர்ட் எண்ணை நீக்கித் தூய முகவரிக்கு வந்துவிட்டது. ஹேண்டில் எண் என்னும் நிலையான அடையாளம் அதற்குத் தொடக்கம் முதலே இருந்தது. பல லட்சம் ஆய்வேடுகளைப் பொதுவில் வைத்திருக்கும் அந்நிறுவனத்தைக் குறை கூறுவதற்காக இந்த எடுத்துக்காட்டு சொல்லப்படவில்லை. அங்கே நல்ல அடையாள எண் ஒன்று இருந்ததால் சேதம் குறைந்தது. அத்தகைய எண் எதுவுமே இல்லாமல், பல்கலைக்கழகத் துறைகள் தோறும் உருவாகி மறையும் ஆய்வுச் செயலிகளின் நிலைதான் கவலைக்குரியது.

மொழியியல் துறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நல்கையில் வட்டார வழக்குச் சொல்லகராதி உருவாகிறது. இன்னொரு நல்கையில் உருபனியல் பகுப்பாய்வி உருவாகிறது. மூன்றாவதில் குறியீடு செய்யப்பட்ட தரவகமும் தேடுபொறியும், நான்காவதில் பழங்குடி மொழி ஒன்றின் ஒலிக்காப்பகம். நான்கும் வலைச்செயலிகள். திட்ட உதவியாளர் தம் செயலியைத் துறையின் கணினியில் ஏற்றி ஓடவிடுகிறார். அவர் ஜாங்கோவில் எழுதியிருந்தால் அது 8000இல் ஓடும். ஃபிளாஸ்கில் எழுதியிருந்தால் 5000இல். ஸ்ட்ரீம்லிட் என்றால் 8501இல். ஐபி எண்ணையும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ‘இங்கே காண்க’ என்று எழுதிவிடுகிறார்கள். கட்டுரை ஏற்கப்படுகிறது. நல்கைக்கான நிறைவறிக்கையும் ஏற்கப்படுகிறது.

பின்னர் நடப்பவை அனைவரும் அறிந்தவையே. உதவியாளர் வேறு வேலைக்குச் செல்கிறார். ஒருநாள் மின்சாரம் போய் வருகிறது. கணினி எழுகிறது, கையால் தொடங்கப்பட்ட நிரல் எழவில்லை. அதை எழுப்பும் கட்டளை எவருக்கும் தெரியாது. சில மாதங்கள் கழித்துக் கணினி மையம் ஐபி எண்களை மாற்றுகிறது. அதற்கும் முன்பே, வெளியூர்க் கல்லூரிகள் பலவற்றில் அந்த முகவரி திறந்திருக்காது. 80, 443 தவிர மற்ற போர்ட்களை அவற்றின் தீச்சுவர்கள் அடைத்தே வைத்திருக்கும். ஆகவே அந்தச் செயலி சாவதற்கு முன்பும் பலருக்குப் பிறக்கவே இல்லை.

இதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்டது. இது ஆய்வு நெறி சார்ந்த பிழை. மொழியியலாளரின் வாதம் எடுத்துக்காட்டுகளின் மேல் நிற்கிறது. தரவகத்தில் இந்தத் தொடரமைப்பு இத்தனை முறை வருகிறது என்று அவர் சொன்னால், படிப்பவர் அதே தேடலைச் செய்து பார்க்க முடிய வேண்டும். முடியாதபோது அந்த முடிவு சான்றுள்ள கூற்று என்னும் நிலையிலிருந்து இறங்கி, ஒருவர் சொன்ன சொல்லாக மட்டும் எஞ்சுகிறது. வேதியியலாளர் ஒருவர் தம் சோதனைக் குறிப்பேட்டை எரித்துவிட்டு முடிவை மட்டும் நம்பச் சொன்னால் எவரும் ஏற்கமாட்டார். தரவக முகவரி செத்துப்போன கட்டுரைகளை மட்டும் மதிப்பீட்டாளர்கள் முகம் சுளிக்காமல் கடந்துபோகிறார்கள்.

ஒலிக்காப்பகங்களில் இழப்பு இன்னும் கூடுதல். அந்தமானின் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அவருடைய குரலை இனி எவராலும் புதிதாகப் பதிவு செய்ய இயலாது. இந்தியாவின் சிறுமொழிகள் பலவற்றில் களப்பணி செய்வோர் இன்று பதிவு செய்யும் முதியவர்களின் நிலையும் நாளை இதுவே. ஒலிவாங்கியின் முன்னால் அமர்ந்து மணிக்கணக்கில் கதை சொன்னவரிடம், உங்கள் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்பார்கள் என்று சொல்லித்தான் ஒப்புதல் பெறப்படுகிறது. அந்த வாக்குறுதியை 8501 என்னும் போர்ட் எண்ணிடம் ஒப்படைப்பது எந்த அறத்தில் சேரும்?

மற்ற நாடுகளிலும் நிலைமை மேலானது என்று சொல்வதற்கில்லை. ஹார்வர்டு சட்டப்பள்ளி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, தீர்ப்பு சுட்டிய செய்திக்கு இட்டுச் செல்லவில்லை என்று கண்டார்கள். அதே ஆண்டு பிளாஸ் ஒன் இதழில் வந்த இன்னோர் ஆய்வு, அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்று இத்தகைய முகவரிச் சிதைவுக்கு ஆளாகியிருப்பதைக் காட்டியது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்பதையே தலைப்பாக்கி 1998இல் ஒரு குறிப்பு எழுதினார். முகவரியில் மென்பொருளின் பெயரையோ கோப்பின் வகையையோ ஆசிரியரின் பெயரையோ வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆய்வுத் துறைகள் இம்மூன்றையும் தவறாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்குத் தீர்வு புதிதன்று, செலவு மிக்கதும் அன்று. துறைக்கு ஒரே ஓர் இணையப் பெயர் போதும். அந்தப் பெயரின் வாசலில், 443ஆம் போர்ட்டில், அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் போன்ற முகப்புச் சேவையகம் ஒன்று நிற்கும். வரும் முகவரியில் பெயருக்கு அடுத்துள்ள பாதையை அது படிக்கும். பாதை ‘அகராதி’ என்று தொடங்கினால் உள்ளே 8001இல் ஓடும் அகராதிச் செயலிக்கு அனுப்பும். ‘தரவகம்’ என்று தொடங்கினால் 8002க்கு. ‘ஒலி’ என்று தொடங்கினால் வேறொரு கணினிக்கு. விடையை வாங்கி, கேட்டவரிடம் கொடுக்கும். ரிவர்ஸ் பிராக்ஸி என்று கணினித் துறையார் அழைக்கும் ஏற்பாடு இதுவே. உள்ளே எத்தனை போர்ட் எண்கள் இருந்தாலும் ஒன்றுகூட வெளியே தெரியாது. புதிய செயலியைச் சேர்க்க, அமைவுக் கோப்பில் சில வரிகள் போதும். புதிய டொமைன் வாங்க வேண்டியதில்லை. புதிய சான்றிதழ் பெற வேண்டியதில்லை. தீச்சுவரில் புதிய துளையிடக் கணினி மையத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

ஆனால் செலவைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று இதில் உண்டு. பாதையின் பின்னால் இருப்பது என்ன என்பதை வாசகர் அறிய வேண்டியதில்லை. ஆகவே அதை மாற்றலாம். இன்று ‘அகராதி’யின் பின்னால் ஜாங்கோ செயலி ஓடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பதிப்பு பாதுகாப்பற்றதாகி நிறுத்தப்பட வேண்டி வரும். அன்று அகராதியின் பதிவுகள் அனைத்தையும் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக ஒரு கோப்புறையில் எழுதி வைத்து, அதே பாதையைக் கோப்புறையின் பக்கம் திருப்பிவிட்டால் போதும். செயலி இறந்தாலும் முகவரி இறக்காது. 2025இல் அச்சான அடிக்குறிப்பு 2045இலும் அதே சொல்லின் பக்கத்தைத் திறக்கும். சொல்லின் ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு ஏதுமில்லை, சமூகம் அதைக் காப்பதால்தான் அது நிற்கிறது என்று மொழியியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிக்கிறார்கள். இணைய முகவரியும் அத்தகையதே. அது நிலைப்பது கணினியால் அன்று, காக்கும் நிறுவனத்தால்.

இப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்மியல் அகராதித் திட்டம், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும், பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும், ஃபாப்ரிசியஸ், வின்ஸ்லோ அகராதிகளையும், பிளாட்ஸின் உருது அகராதியையும் ஒரே பெயரின் கீழ், ‘டிக்‌ஷனரீஸ்’ என்னும் பாதையின் கிளைகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பெயர், அவ்வளவே. அத்திட்டமே ஒரு காலத்தில் தேடல் முடிவுகளைச் சேவையக வரிசை எண்ணும் ‘பிலலாஜிக்’ என்னும் மென்பொருளின் பெயரும் கொண்ட முகவரிகளில் காட்டியது. அவற்றை எடுத்து ஒட்டிய ஆய்வாளர்கள் அகராதியைச் சுட்டுவதாக எண்ணி ஓர் இயந்திரத்தைச் சுட்டியிருந்தார்கள். நல்ல பாதையும் கெட்ட பாதையும் ஒரே திட்டத்துக்குள் அருகருகே கிடந்த வரலாறு அது.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் சமற்கிருத அகராதிகள் பலவற்றை ஒரே பெயரின் கீழ் வைத்திருக்கிறது. அகராதிக்கு ஒரு சுருக்கப்பெயர், அதன் கீழ் எண்மப் பதிப்பின் ஆண்டு என்று பாதை அமைகிறது. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்பது முகவரியிலேயே விளங்கிவிடும். இந்தியாவிலும் முன்னோடிகள் உண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சமற்கிருதத் துறை, சந்தி பிரிப்பு முதல் உருபனியல் பகுப்பாய்வு வரையிலான கருவிகளை ஒரே பெயரின் கீழ் ஒரே தொகுப்பாக வழங்குகிறது. மும்பை ஐஐடியின் இந்திய மொழித் தொழில்நுட்ப நடுவம் இந்தி வேர்ட்நெட்டையும் இந்தோவேர்ட்நெட்டையும் ஒரே பெயரின் இரு பாதைகளில் வைத்தது. எனவே இங்கே செய்ய இயலாது என்னும் பேச்சுக்கு இடமில்லை.

இனி, மறுப்புகளைப் பார்க்கலாம். ஐந்து மறுப்புகள் வழக்கமாக எழுகின்றன. அவற்றுள் ஒன்று உண்மையிலேயே வலுவானது.

முதல் மறுப்பு: பாதையில் வைத்தால் செயலி உடைந்துவிடுகிறது. உடைவது உண்மை. பெரும்பாலான செயலிகள் தாமே வேர்முகவரியின் உரிமையாளர் என்னும் எண்ணத்தில் எழுதப்படுகின்றன. பக்கத்தின் அழகுக்கான கோப்பைச் சாய்கோட்டில் தொடங்கும் முகவரியால் அழைத்தால், உலாவி அதை ‘அகராதி’க்குள் தேடாமல் தளத்தின் வேரில் தேடும். கிடைக்காது. பக்கம் வெறும் எழுத்துகளாய்க் கிடக்கும். இதைப் பார்த்தவுடன் உதவியாளர் மீண்டும் போர்ட் எண்ணுக்கே ஓடிவிடுகிறார். ஆனால் இதற்கான வழி ஒவ்வொரு கருவியிலும் உள்ளது. ஜாங்கோவில் ‘ஃபோர்ஸ் ஸ்கிரிப்ட் நேம்’ என்னும் அமைவு உண்டு. ஃபிளாஸ்கில் வெர்க்சுக்கின் ‘பிராக்ஸிஃபிக்ஸ்’ உண்டு. ஸ்ட்ரீம்லிட்டிலும் ஜூபிட்டரிலும் அடிப்பாதையைக் குறிக்கும் அமைவு உண்டு. டாம்கேட்டில் கோப்புக்கு இடும் பெயரே பாதையாகிவிடும். என்ஜின்எக்ஸில் மட்டும் ஒரு நுட்பம் நினைவில் இருக்க வேண்டும்: உள்முகவரியின் இறுதியில் சாய்கோடு இட்டால், ‘அகராதி’ என்னும் முன்னொட்டு நீக்கப்பட்டு எஞ்சிய பாதை மட்டும் செயலிக்குச் செல்லும், சாய்கோடு இல்லையேல் முழுப் பாதையும் செல்லும். ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய செய்தி இது. மூன்றாண்டு நல்கையில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முடியாது என்பவர்கள், ஆய்வை எவரும் சரிபார்க்க வேண்டாம் என்று கருதுகிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாம் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. வலுவானது இதுவே. உலாவி இரண்டு பக்கங்களை ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று கருதுவது நெறிமுறை, பெயர், போர்ட் ஆகிய மூன்றையும் கொண்டு. பாதை அதில் சேராது. ஆகவே ஒரே பெயரின் கீழுள்ள ‘அகராதி’யில் தீய நிரல் புகுந்தால், அது ‘ஒலி’யில் உள்நுழைந்திருக்கும் பயனரின் பக்கங்களையும் படித்துவிட முடியும். குக்கிக்குப் பாதை வரையறை இடலாம். ஆனால் அதைப் பாதுகாப்பு வேலியாக நம்பக் கூடாது என்று 2011இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6265 வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. இரண்டு ஜாங்கோ செயலிகளை அருகருகே வைத்து இரண்டுக்கும் குக்கியின் பெயரை மாற்றாமல் விட்டால், ஒன்றில் உள்நுழைந்தவர் மற்றதிலிருந்து வெளியேற்றப்படும் வேடிக்கையும் நிகழும்.

இந்த மறுப்பை மழுப்பாமல் ஏற்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும் செயலிகளும், பேச்சாளர்களின் தனிப்பட்ட செய்திகள் அடங்கிய பதிவுகளும், சமூகம் பொதுவில் வைக்க ஒப்பாத சடங்குப் பாடல்களும் பாதையில் இருக்கக் கூடாது. அவை தனித் துணை டொமைனில், தனிக் காவலில் இருக்க வேண்டும். ஆனால் ஆய்வுத் துறைகளின் செயலிகளில் பெரும்பகுதி எவரும் உள்நுழையாமல் படிக்கும் பக்கங்களே. திருட வேண்டிய குக்கியே இல்லாத இடத்தில் குக்கித் திருட்டைக் காட்டி அச்சுறுத்துவது பொருந்தாது. மேலும், பாதையை மறுத்துப் போர்ட் எண்ணைப் பரிந்துரைப்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குக்கிகள் போர்ட் எண்ணாலும் பிரிக்கப்படுவதில்லை. அதே ஆர்எஃப்சி அதையும் சொல்கிறது. 8001இல் வைத்த குக்கி அதே பெயரின் 8002க்கும் செல்லும். பாதுகாப்பின் பெயரால் அவர்கள் தேர்ந்த வழி, பாதுகாப்பை முழுதாகத் தரவில்லை. முகவரியை மட்டும் கெடுத்தது.

மூன்றாம் மறுப்பு: எல்லாவற்றையும் ஒரே சேவையகத்தில் வைத்தால், அது விழுந்தால் எல்லாம் விழும். இங்கே இரண்டு பொருள்கள் குழப்பப்படுகின்றன. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. கணினி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதன்று. முகப்புச் சேவையகம் ஒவ்வொரு பாதையையும் வெவ்வேறு கணினிக்கு அனுப்பலாம். பண வசதியில்லாத துறை எல்லாவற்றையும் ஒரே கணினியில் கன்டெய்னர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நினைவக வரம்பு இட்டு வைக்கலாம். நாளை வசதி வந்தால் பிரிக்கலாம், முகவரி மாறாது. முகப்பு விழுந்தால் எல்லாம் விழும் என்பது உண்மைதான். ஆனால் எல்லாம் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது தொலைபேசியில் அழைப்பார்கள். தனித்தனியாகக் கிடக்கும் பத்துச் சேவையகங்களில் ஒன்று விழுந்தால் ஐந்து ஆண்டுகள் எவருக்கும் தெரிவதில்லை. கூட்டமாக இருப்பதன் காவல் அது.

நான்காம் மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனினும் அதுவே நடப்பை ஆள்கிறது. தனி டொமைன் பெருமை தருகிறது. தொடக்கவிழாவில் பதாகையில் அச்சிட அது அழகாக இருக்கிறது. துறையின் பெயருக்கு அப்பால் ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் தம் திட்டம் நிற்பதைச் சில பேராசிரியர்கள் இழிவாகக் கருதுகிறார்கள். ஆனால் அந்த டொமைனுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது யார்? பல இடங்களில் திட்ட உதவியாளரின் சொந்த வங்கி அட்டை. நல்கை முடிந்ததும் புதுப்பிப்பு நிற்கிறது. காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் வைக்கிறார். ஒரு பழங்குடி மொழியின் அகராதி என்று நம்பி அடிக்குறிப்பைச் சொடுக்கும் மாணவர் அங்கே போய் நிற்கிறார். எர்நெட் நிறுவனம் பதிவு செய்யும் ‘ஏசி டாட் இன்’ பெயர் பல்கலைக்கழகத்துக்கு உரியது. எந்த உதவியாளரின் பணிக்காலத்தோடும் அது முடிவதில்லை. நிலையான பெயரை இலவசமாக வைத்துக்கொண்டு நிலையற்ற பெயரைக் காசு கொடுத்து வாங்குவது எந்த வகைப் பெருமை?

பெருமையின் இன்னொரு வடிவம், பாதையில் ஆளின் பெயரை வைப்பது. அலைக்குறிக்குப் பின் பேராசிரியரின் பெயர், அதன் கீழ் தரவகம். பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் கணக்கு மூடப்படும். தரவகமும் அவருடன் ஓய்வு பெறும். நூலின் ஆசிரியர் பெயர் அட்டையில் இருக்கலாம். நூலகத்தின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கக் கூடாது.

ஐந்தாம் மறுப்பு: டிஓஐ எண் வாங்கிவிட்டால் போதாதா, இணையக் காப்பகம் படியெடுத்து வைக்காதா? டிஓஐ என்பது ஒரு சுட்டுகை. அது சுட்டும் முகவரியை எவரேனும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். சுட்டப்படும் இடமே அழிந்துவிட்டால் டிஓஐயும் அழிந்த இடத்தையே சுட்டும். இணையக் காப்பகம் பக்கங்களைப் படியெடுக்கும். தரவுத்தளத்தின் மேல் ஓடும் தேடலைப் படியெடுக்க அதனால் இயலாது. தரவகத்தின் முகப்புப் பக்கம் மட்டும் அங்கே கிடக்கும். தேடல் பொத்தான் அழுத்தினால் எதுவும் நிகழாது. இவை இரண்டும் துணைக்கு நல்லவை. வீட்டைக் கட்டாமல் வீட்டு எண்ணை மட்டும் வாங்கி வைப்பதால் பயனில்லை.

ஆகவே துறைகள் செய்ய வேண்டியவை இவை:

1. துறைக்கு ஒரே நிலையான பெயர். எல்லாத் திறந்த ஆய்வுச் செயலிகளும் அதன் கீழ்ப் பாதைகளாக அமையட்டும். உள்நுழைவு தேவைப்படுபவை மட்டும் தனித் துணை டொமைனில்.

2. பாதைக்குப் படைப்பின் பெயர் இடுக. ஆளின் பெயர், நல்கை வழங்கியவரின் பெயர், மென்பொருளின் பெயர், கோப்பு வகை ஆகிய எதுவும் வேண்டாம். பதிப்பு மாறுமெனில் ஆண்டைச் சேர்க்க. பெயர் சிறியதாகவும் ரோமன் எழுத்திலும் இருப்பது நடைமுறைக்கு நல்லது. தமிழிலோ தேவநாகரியிலோ இட்ட பாதையை எடுத்து ஒட்டும்போது ஒவ்வோர் எழுத்துக்குறியும் சதவீதக் குறிகளுடன் ஒன்பது குறிகளாக விரிந்து, அச்சில் எவராலும் தட்டச்சு செய்ய இயலாததாகிவிடுகிறது.

3. பாதைப் பதிவேடு ஒன்று துறை அலுவலகத்தில் இருக்கட்டும்: எந்தப் பாதை, எந்தப் படைப்பு, எந்தக் கணினி, எழுப்பும் கட்டளை எது, பொறுப்பாளர் யார். கணினி எழும்போது செயலிகள் தாமாக எழும்படி அமைப்பதும் அந்தப் பொறுப்பாளரின் கடமை. கருவிகளின் இருப்புப் பதிவேட்டில் நாற்காலிக்கும் மேசைக்கும் எண் இடும் துறைகள், தம் அறிவுச் சொத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

4. ஒருமுறை வழங்கிய பாதையை வேறொன்றுக்கு வழங்கக் கூடாது. இடம் மாறினால் 301 வழிமாற்று இடுக. செயலியை நிறுத்த நேர்ந்தால், பதிவுகளை எளிய பக்கங்களாக அதே பாதையில் வைத்துவிட்டு நிறுத்துக. அதுவும் இயலாதெனில், இங்கே இருந்தது என்ன, மூலத் தரவு எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கமாவது எழுதி வைக்க.

5. நல்கை வழங்கும் நிறுவனங்கள் நிறைவறிக்கையில் முகவரியைக் கேட்பதோடு நில்லாமல், அந்த முகவரியைக் காக்கப்போகும் நிறுவனத்தின் ஒப்புதலையும் கேட்கட்டும். போர்ட் எண்ணில் முடியும் முகவரியை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்பட்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, பெருந்தொகையும் வேண்டியதில்லை. தேவைப்படுவது, செயலியை உருவாக்குவதோடு ஆய்வு முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தைக் கைவிடுவது. அச்சகத்திலிருந்து வந்த நூலை நூலகத்தில் சேர்க்காமல் அச்சுக்கூடத்துத் திண்ணையிலேயே விட்டுச் செல்லும் ஆசிரியர் எவருமில்லை. அந்தத் திண்ணைதான் 8080.

இந்திய மொழிகளில் எண்மத் தரவு போதவில்லை என்று கருத்தரங்கு தோறும் முறையிடப்படுகிறது. உருவாக்கப்பட்டுப் பின் தொலைந்தவற்றைக் கணக்கெடுத்தால் அந்த முறையீட்டின் ஒரு பகுதி முறையிடுவோரின் பக்கமே திரும்பும். அடுத்த வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் வழக்கமான வினாக்களோடு இன்னொன்றையும் கேட்கலாம்: ஆய்வேட்டின் இந்தப் பக்கத்தில் தரப்பட்டுள்ள முகவரியை, இவர் இந்தத் துறையை விட்டுச் சென்ற பிறகு யார் காப்பார்? விடை சொல்ல வேண்டியவர் மாணவர் அல்லர். அருகில் அமர்ந்திருக்கும் நெறியாளரும் துறைத்தலைவரும்.